இசட்80 பக்கத்தில் எந்தச் சிப்பை உட்கார வைப்பது?

போன மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் லாஸ்பேட்டையில் டிப்ளமா படிக்கும் தம்பி. "அண்ணா, 74 சீரிஸ் ஐசி பதினஞ்சு வாங்கி வெச்சிருக்கேன். இப்போ எஃப்பிஜிஏ போட்டா எல்லாம் ஒரே சிப்ல முடிஞ்சிடும்னு சொல்றாங்க. நான் வாங்கினது வீணா?" என்றார். (74 சீரிஸ் என்பது ஒவ்வொன்றும் ஒரு சின்ன லாஜிக் வேலையைச் செய்யும் எளிய சிப் வரிசை. எஃப்பிஜிஏ என்பது ஆயிரக்கணக்கான லாஜிக் கட்டங்களை நாமே இணைத்துக்கொள்ளும் பெரிய சிப்.) இன்னொருவர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஐயா. படித்த காலத்தில் 8085 பயிற்சி கிட்டில் ஹெக்ஸ் விசையைத் தட்டிய நினைவு அவருக்கு இன்னும் போகவில்லை. "தம்பி, ஒரு 8085 மெஷினை நானே கட்டிப் பார்க்கணும். ஆனா ப்ரெட்போர்டுல அறுபது கம்பி செருக கண்ணு ஒத்துழைக்கல. என்ன வழி?" என்றார்.

இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. இசட்80, 8085, 6502 போன்ற பழைய 8-பிட் ப்ராசசரைச் சுற்றிப் புதிய புரோக்ராமபிள் சிப் (நாம் எழுதுவதை உள்ளே ஏற்றிக்கொள்ளும் சிப்) வைப்பதில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வசதி உண்டு, கடையில் யாரும் சொல்லாத ஒரு செலவும் உண்டு. என் மேசையில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன், இரண்டு சிப்பைக் கருக்கியும் விட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிலவரம். ஜைலாக் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த இசட்80-ன் தனிச் சிப்புக்கு 2024 ஜூன் மாதத்தோடு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. 48 வருட ஓட்டம். இனிக் கிடைப்பதெல்லாம் கையிருப்பும் பழைய போர்டிலிருந்து கழற்றியதும்தான். 6502-க்கு அந்தக் கவலை இல்லை. வெஸ்டர்ன் டிசைன் சென்டர் அதன் சிமாஸ் (குறைந்த மின்சாரம் இழுக்கும் தயாரிப்பு முறை) வடிவமான டபிள்யூ65சி02எஸ்-ஐ இன்றும் 40 கால் டிப் (இரு பக்கமும் கால் நீண்ட, சாக்கெட்டில் செருகும்) பொட்டலத்திலேயே விற்கிறது. ப்ராசசரை முடிவு செய்யாதவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சிப்பின் தேர்வே இதனால் மாறும்.

எதை வைத்து எடை போடுவது

விலையை நான் முதலில் வைக்கவில்லை. ஒரே ஒரு சிப் வாங்கும்போது பல சமயம் கூரியர் செலவே சிப் விலையைத் தாண்டிவிடும். நான் பார்ப்பவை வேறு.

முதலாவது வோல்ட். பழைய ப்ராசசர்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை. இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை 3.3 வோல்ட். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்பது. 4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80-க்கு ஒரு க்ளாக் துடிப்பு 250 நானோசெகண்ட். கட்டளையை மெமரியிலிருந்து எடுக்கும்போது, மெமரி வேண்டும் என்று அது கம்பியைத் தாழ்த்தியதிலிருந்து டேட்டாவைப் படிப்பது வரை ஒன்றரைத் துடிப்பு, அதாவது 375 நானோசெகண்ட். உள்தாமதங்களைக் கழித்தால் ஏறக்குறைய 250 மிஞ்சும். முகவரியைப் பிரித்து, சிப்பைத் தேர்ந்து, ரோம் பதில் சொல்வது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

மூன்றாவது, எழுதும் கருவி. சிப்புக்குள் லாஜிக்கை ஏற்ற எந்த ப்ரோக்ராமர் வேண்டும், எந்த மென்பொருள் வேண்டும், பத்து வருடம் கழித்து அந்த மென்பொருள் உங்கள் கணினியில் திறக்குமா?

நான்காவது, நம் ஊருக்கே உரியது. என் அறை கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் ப்ரெட்போர்டின் ஸ்பிரிங்கும் மலிவான சாக்கெட்டும் பாசி பிடித்தாற்போல் பச்சை பூத்துவிடும். வெள்ளிக்கிழமை ஓடிய மெஷின் திங்கட்கிழமை ரீசெட்டிலேயே நிற்கும். உப்புக் காற்றில் தொடர்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நோய்தான். நான்கு லாஜிக் ஐசி என்றால் 58 கால். அதே வேலையைச் செய்யும் ஒரு சிப்புக்கு 24 கால். இந்தக் கணக்கு பெங்களூரில் இருப்பவருக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. நமக்கு முக்கியம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது: இந்த மெஷினில் நீங்கள் எதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள்? எதைக் கற்க வேண்டுமோ அதைச் சிப்புக்குள் மூடி வைத்துவிடக் கூடாது. சலிப்பு தட்டும் வேலையை மட்டும் சிப்பிடம் கொடுங்கள். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

வழி 1: புரோக்ராமபிள் சிப்பே வேண்டாம், 74 சீரிஸ் போதும்

லாஸ்பேட்டைத் தம்பி வாங்கியது வீணில்லை. ஒரு 138 டிகோடர் (முகவரியைப் பார்த்து எந்தச் சிப் என்று தேர்வது), ஒரு 32 (ஆர் கேட்), ஒரு 74 (ஃப்ளிப்ஃப்ளாப், ஒரு பிட் நினைவு), ஒரு 04 (இன்வெர்ட்டர்) இருந்தால் இசட்80-க்கு மெமரியும் போர்ட்டும் பிரித்துக் கொடுத்துவிடலாம். உள்ளூரிலேயே கிடைக்கும், கம்பியைத் தொட்டு எல்இடி வைத்துப் பார்க்கலாம், லாஜிக் தவறானால் மீட்டரே காட்டிக் கொடுக்கும்.

இப்படிக் கட்டும்போது தானாகத் தெரியவரும் விஷயங்கள் உண்டு. இசட்80 இன்டரப்டை (வெளியிலிருந்து குறுக்கிட்டுக் கூப்பிடுவதை) ஏற்கும்போது எம்1, ஐஓ ரிக்வெஸ்ட் என்ற இரண்டு கம்பியையும் சேர்த்துத் தாழ்த்தும். எம்1-ஐக் கணக்கில் எடுக்காமல் போர்ட் டிகோடர் கட்டினால், இன்டரப்ட் வரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு போர்ட் காரணமில்லாமல் விழித்துக்கொள்ளும். 138-ல் உயர்நிலைக்கு இயங்கும் எனேபிள் கால் ஒன்று இருக்கிறதே, அதில் எம்1-ஐக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தீர்ந்தது. இதை ஒரு முறை கையால் செய்தவருக்கு ஆயுளுக்கும் மறக்காது.

மறைவான செலவு: மனம் மாறினால் கம்பியையும் மாற்ற வேண்டும். ரோமை 8 கேபியிலிருந்து 16 கேபி ஆக்க நினைத்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். வாங்கும்போது எச்சி, எச்சிடி (74-க்கு அடுத்து அச்சிட்டிருக்கும் ரக எழுத்துகள்) வித்தியாசத்தையும் பாருங்கள். 5 வோல்ட்டில் எச்சி ரகம் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 'ஒன்று' என ஏற்கும், எச்சிடி ரகத்துக்கு 2 வோல்ட் போதும். பின்னால் 3.3 வோல்ட் சிப் எதையாவது சேர்க்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே எச்சிடி வாங்கி வையுங்கள்.

யாருக்கு: முதல் மெஷின் கட்டுகிறவருக்கு, கல்லூரி ப்ராஜெக்ட்டில் "இது எப்படி வேலை செய்கிறது" என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டியவருக்கு.

வழி 2: கேல் குடும்பம் (16வி8, 22வி10)

என் மனம் அதிகம் ஒட்டுவது இதில்தான். சில லாஜிக் ஐசிகளின் வேலையை நாமே சமன்பாடாக எழுதி ஏற்றக்கூடிய சின்னச் சிப், 1985-ல் லாட்டிஸ் நிறுவனம் கொண்டுவந்த வகை இது. அவர்கள் தயாரிப்பை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஆனால் அதே வேலையைச் செய்யும் ஏடிஎஃப்16வி8, ஏடிஎஃப்22வி10 இரண்டையும் மைக்ரோசிப் (முன்பு ஆட்மெல்) டிப் பொட்டலத்தில் விற்கிறது. 5 வோல்ட். 3.3, 5 வோல்ட்டுக்கு இடையே மாற்றும் லெவல் ஷிஃப்டர் எதுவும் வேண்டாம். இசட்80, 8085, 6502 எதன் பக்கத்திலும் நேராக உட்காரும்.

22வி10 என்ற பெயரே விவரம் சொல்லும்: அதிகபட்சம் 22 உள்ளீடு, 10 வெளியீடு. முகவரியின் மேல்கம்பிகளையும் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் உள்ளே கொடுத்து, ரோம், ராம், சீரியல் போர்ட் என்று தேர்வுக் கம்பிகளை வெளியே எடுக்கலாம். மேலே சொன்ன நான்கு ஐசியும் இதற்குள் அடங்கிவிடும். 15 நானோசெகண்ட் ரகமே நமக்குத் தாராளம். 74 ஐசி இரண்டைத் தாண்டி வரும் சிக்னலைவிட இது சீக்கிரம் வந்து சேரும். 20 மெகாஹெர்ட்ஸ் இசட்80 வைத்திருப்பவருக்கு ஒரு துடிப்பே 50 நானோசெகண்ட்தான். அங்கே இந்த மிச்சம் பெரிய வித்தியாசம்.

லாஜிக்கை எழுதுவதும் எளிது. "மெமரி கேட்கிறது, மேல்முகவரி பூஜ்யம், ரோம் இன்னும் மறைக்கப்படவில்லை என்றால் ரோமைத் தேர்ந்தெடு" என்பதை ஒரே வரிச் சமன்பாடாக எழுதலாம். மைக்ரோசிப் தரும் வின்கப்பல் மென்பொருள் இலவசம், ஆனால் மிகப் பழையது, அடிக்கடி முரண்டு பிடிக்கும். நான் கேலெட் என்ற திறந்த மூலக் கருவியைப் பயன்படுத்துகிறேன். கமாண்ட் லைனில் ஒரு வரி அடித்தால் சிப்பில் ஏற்ற வேண்டிய ஜெடெக் கோப்பு தயார். அதைச் சிப்பில் ஏற்ற டிஎல்866 அல்லது டி48 ப்ரோக்ராமர் வேண்டும். இதுதான் இந்த வழியின் நிஜச் செலவு. ஆனால் ரோம் எழுதவும் அதே ப்ரோக்ராமர்தான் என்பதால் எப்படியும் ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள்.

மறைவாக இருப்பவற்றையும் சொல்கிறேன்.

22வி10-க்குள் இருக்கும் பத்து ஃப்ளிப்ஃப்ளாப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு க்ளாக் கால்தான். ரோமை மறைக்கும் லாட்ச் (நிலையைப் பிடித்து வைக்கும் சுற்று) ஒன்று, க்ளாக்கைப் பாதியாக்கும் டிவைடர் ஒன்று என்று இரண்டையும் உள்ளே வைக்கப் பார்த்தால் இரண்டுக்கும் வேறு வேறு க்ளாக் வேண்டும். நடக்காது. நான் இதைப் படிக்காமலே போர்டு வரைந்து, சால்டர் செய்து முடித்த பிறகு கண்டுபிடித்தேன். ஒன்றை வெளியே 74 ஐசியில் வைப்பதுதான் வழி.

கரண்ட் அதிகம். சாதாரண ரகம் சும்மா இருந்தாலே பல பத்து மில்லிஆம்பியர் இழுக்கும். சார்ஜரில் ஓட்டினால் பொருட்டில்லை. பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் குறைந்த மின்சார ரகத்தைத் தேடுங்கள்.

அழித்து எழுதுவதற்கு 100 முறைதான் உத்தரவாதம். பழகும்போது ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் எழுதாமல், நாலு மாற்றத்தைச் சேர்த்து எழுதுங்கள். உள்ளே இருப்பது 20 வருடம் தங்கும் என்கிறது டேட்டாஷீட். அதனால் சமன்பாட்டை அச்செடுத்து மெஷின் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கிடைத்த பழைய கார்டு ஒன்றிலிருந்து மூன்று கேல் கழற்றினேன். பாதுகாப்பு பிட் போட்டிருந்ததால் உள்ளே என்ன என்று படிக்க முடியவில்லை. ஆனால் அழித்துவிட்டுப் புதிதாக எழுத முடிந்தது. மூன்றும் இன்று வேலை செய்கின்றன.

யாருக்கு: ஒரு முறை 74-ல் கட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது போர்டு போடுகிறவருக்கு. கடலோரத்தில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய மெஷினுக்கு.

வழி 3: சிபிஎல்டி

கேலின் பெரிய அண்ணன் என்று வையுங்கள். ஏடிஎஃப்1504-ல் 64 மேக்ரோசெல் (ஒரு வெளியீட்டுக்கான லாஜிக் கட்டம்), 1508-ல் 128. 5 வோல்ட்டிலேயே ஓடும். 44 அல்லது 84 கால் பிஎல்சிசி என்ற சதுரப் பொட்டலத்தில் கிடைப்பதால் சாக்கெட் வைத்துக் கையால் சால்டர் செய்யலாம். 10,000 முறை எழுதலாம். 512 கேபி ராமைப் பக்கம் பக்கமாக மாற்றும் வங்கி (பேங்க்) பதிவேடுகள், எஸ்டி கார்டுக்கான ஷிஃப்ட் ரெஜிஸ்டர் போன்றவை 22வி10-ல் அடங்காது, இதில் அடங்கும்.

ஆனால் கருவிப் பக்கம் வந்தால் சங்கடம் அதிகம். மென்பொருள் பழையது. ஆல்டெராவின் மேக்ஸ்7000எஸ் வகைக்கு எழுதி மாற்றிக்கொள்ளும் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதற்கும் அந்த வகையை ஆதரித்த கடைசிப் பதிப்பான குவார்ட்டஸ் 13.0-ஐத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எழுத ஜேடேக் (சிப்பைப் போர்டில் இருந்தபடியே எழுதும் இணைப்பு) கேபிள் தனியாக வேண்டும். கழற்றிய பழைய சிப் வாங்கினால் இன்னொரு கண்ணி: முந்தைய சொந்தக்காரர் ஜேடேக் கால்களைச் சாதாரணக் கால்களாக்கி வைத்திருந்தால், ஒரு காலில் 12 வோல்ட் கொடுத்துத்தான் அதை எழுப்ப முடியும்.

ஜைலிங்க்ஸின் எக்ஸ்சி9572எக்ஸ்எல் பற்றிக் கேட்பவர்களுக்கு: 3.3 வோல்ட் சிப், ஆனாலும் 5 வோல்ட் சிக்னலைத் தாங்கும். நல்ல சிப்தான். அதற்கான ஐஎஸ்இ மென்பொருள் 2013-லேயே நின்றுவிட்டது, சிப்பின் தயாரிப்பையும் நிறுத்துவதாக 2024-ல் அறிவித்துவிட்டார்கள். கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், புதிதாக இதை நம்பி வரைய வேண்டாம்.

யாருக்கு: வங்கி மெமரி, டிஎம்ஏ (ப்ராசசரைத் தொடாமலே மெமரிக்கு டேட்டா நகர்த்துவது) என்று பெரிய மெஷின் கட்டுகிறவருக்கு. மற்றவர்கள் இரண்டு 22வி10 போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

வழி 4: மைக்ரோகன்ட்ரோலர்

இது ஒரே சிப்புக்குள் அடங்கிய சின்னக் கணினி, அதனால் வேறு வகை உதவி. முகவரி பிரிக்கும் வேலைக்கு இதைக் கூப்பிடக் கூடாது. கீபோர்டு, சீரியல், எஸ்டி கார்டு, கடிகாரம், பூட் ஆகும்போது ரோம் இல்லாமல் ராமுக்குள் நிரலை ஊட்டுவது போன்றவற்றுக்குக் கூப்பிட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் இசட்80-எம்பிசி2 என்ற திறந்த வடிவமைப்பு. இசட்80, 128 கேபி ராம், ஏடிமெகா32ஏ, 74எச்சி00 என நான்கே ஐசி. ஏடிமெகாதான் ரோமும் போர்ட்டும் வட்டும். சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் அதில் அழகாக ஓடுகிறது. ஏடிமெகா32ஏ 5 வோல்ட்டில் ஓடும், 40 கால் டிப்பில் கிடைக்கும். ஆர்டுயினோ தெரிந்தவருக்கு இது பழகிய சூழல்.

நேரக் கணக்கைப் பாருங்கள். போர்ட் படிக்கும்போது இசட்80 கேட்பதிலிருந்து டேட்டா எடுப்பது வரை இரண்டரைத் துடிப்பு, 4 மெகாஹெர்ட்ஸில் 625 நானோசெகண்ட். ஏடிமெகா 16 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு கட்டளைக்கு 62.5. இன்டரப்டுக்குள் நுழையவே ஏழு சுற்று, அதிலேயே 437 போய்விட்டது. மிச்ச நேரத்தில் முகவரியைப் படித்து முடிவெடுத்து டேட்டாவை வைக்க முடியாது. அதனால் கேட்ட உடனே இசட்80-ஐ 'பொறு' என்று நிறுத்தும் வெயிட் சிக்னலை ஒரு வன்பொருள் லாட்ச் இழுக்க வேண்டும், ஏடிமெகா தன் வேகத்தில் பதில் வைத்துவிட்டு விடுவிக்க வேண்டும். எம்பிசி2-வில் அந்த 74எச்சி00 இருப்பது இதற்காகத்தான். 8085-ல் இதே வேலைக்கு ரெடி என்ற கால் உண்டு. 6502 ஆட்கள் கவனிக்க: பழைய என்மாஸ் (சிமாஸுக்கு முந்தைய தயாரிப்பு முறை) 6502-ன் ரெடி கால், எழுதும் சுற்றில் ப்ராசசரை நிறுத்தாது. சிமாஸ் டபிள்யூ65சி02எஸ் இரண்டிலும் நிற்கும்.

அடுத்து ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021-ல் 4 டாலருக்கு வந்த போர்டு. அதில் இருக்கும் ஆர்பி2040-ன் 264 கேபி ராம், இசட்80 நேரடியாக எட்டக்கூடிய மொத்த மெமரியைப்போல் நான்கு மடங்கு. அதன் பிஐஓ என்ற எட்டுச் சின்ன நிலை இயந்திரங்களும் பஸ் (முகவரி, டேட்டா, கட்டுப்பாடு) கம்பிகளை நானோசெகண்ட் அளவில் கண்காணிக்கும். அதனால் ஏடிமெகாவால் முடியாததெல்லாம் இதனால் முடியும். ஆனால் வெளியே வரும் கால்கள் 26தான். 16 முகவரியும் 8 டேட்டாவும் எடுத்தால் மிச்சம் இரண்டு. முழு பஸ்ஸையும் கொடுக்காதீர்கள். டேட்டா எட்டு, முகவரியில் மூன்று, கட்டுப்பாடு நான்கு என்று போர்ட்டாக மட்டும் வைத்தால் இடமும் இருக்கும், மனசும் நிம்மதி.

வோல்ட் விஷயத்தில் என் சிப் போன கதை இதுதான். பிக்கோவின் கால்களை இசட்80 பஸ்ஸோடு நேராகச் சேர்த்தேன். "எனக்கு ஓடுகிறது" என்று நிறையப் பேர் சொன்னதை நம்பினேன். பதினைந்து நாள் ஓடியது. பிறகு டேட்டாவின் நான்காவது பிட் எப்போதும் ஒன்றாகவே நின்றது. ஆர்பி2040 5 வோல்ட்டைத் தாங்கும் என்று அதன் டேட்டாஷீட் எங்கும் சொல்லவில்லை. நடுவில் 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி245 (எட்டுக் கம்பிக்கான பஃபர்) வைத்திருந்தால் போதும், அது 5 வோல்ட் உள்ளீட்டைத் தாங்கும். 2024-ல் வந்த ஆர்பி2350, மின்சாரம் இருக்கும்வரை 5 வோல்ட் தாங்கும் என்று அதிகாரபூர்வமாகவே சொல்கிறது. அதன் முதல் ஏ2 பதிப்பில் புல்-டவுன் (காலைத் தாழ்நிலைக்கு இழுத்து வைப்பது) சரியாக வேலை செய்யாத குறை இருந்தது, பின்னர் வந்த ஏ4 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. இசட்80-ன் மற்றக் கால்கள் 3.3 வோல்ட்டை 'ஒன்று' என ஏற்கும். க்ளாக் கால் ஏற்காது. அதற்கு 5 வோல்ட்டில் 0.6 குறைய, அதாவது 4.4 வோல்ட் வேண்டும். பிக்கோவிலிருந்து க்ளாக் கொடுத்தால் சில சிப் ஓடும், சில சிப் ஓடாது, சில சிப் காலையில் ஓடி மதிய வெக்கையில் நிற்கும். 5 வோல்ட் ஆஸிலேட்டர் டப்பா வையுங்கள் அல்லது ஒரு எச்சிடி கேட் வழியாக ஏற்றிக் கொடுங்கள். 8085-ல் க்ரிஸ்டல் ஆஸிலேட்டர் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

யாருக்கு: மெஷினை விட அதில் ஓடும் மென்பொருள்மேல் ஆசை உள்ளவருக்கு. சிபி/எம், பேசிக், அசெம்ப்ளி என்று சீக்கிரம் இறங்க நினைப்பவருக்கு. சீரியல் சிப் எப்படி வேலை செய்கிறது என்று கற்க நினைப்பவர் இதைத் தொடக் கூடாது, அதைத்தான் இது மூடி மறைக்கும்.

வழி 5: எஃப்பிஜிஏ

டேங் நேனோ 9கே போன்ற போர்டு ஒன்றே போதும், வீடியோ, சீரியல், மெமரி கன்ட்ரோலர், வேண்டுமானால் இசட்80-ஐயே உள்ளே வைக்கலாம். அதில் 8640 எல்யூடி (சின்ன லாஜிக் கட்டங்கள்), எச்டிஎம்ஐ சாக்கெட், 64 மெகாபிட் பிஎஸ்ராம் (கூடுதல் ராம்) எல்லாம் உண்டு. உள்ளே இருக்கும் ப்ளாக் ராம் 468 கிலோபிட், 64 கேபிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே முழு மெமரிக்கு பிஎஸ்ராம் பக்கம் போக வேண்டியிருக்கும்.

வீடியோ வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. 640க்கு 480 படத்துக்கு வினாடிக்கு 2.5 கோடிப் புள்ளிக்கு மேல் இடைவிடாமல் தர வேண்டும். பிக்கோவும் செய்யும், ஆனால் அதன் மூச்சு முழுவதும் அதற்கே போய்விடும்.

செலவு பஸ்ஸில் இருக்கிறது. நிஜ இசட்80-ஐ வெளியே வைத்து எஃப்பிஜிஏவை உதவிக்கு வைத்தால் 16 முகவரி, 8 டேட்டா, பத்துக் கட்டுப்பாடு என 34 கம்பிக்கும் லெவல் மாற்ற வேண்டும். 245 வகை ஐசி ஐந்து. சிப் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் எஃப்பிஜிஏவுக்கு வந்தோம், வந்த இடத்தில் ஐந்து ஐசி கூடிவிட்டது. அந்தப் போர்டில் சில கால்கள் 1.8 வோல்ட் தொகுதியில் இருப்பதையும் பார்க்காமல் கம்பி இழுக்காதீர்கள்.

இதற்கு ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. டபிள்யூ65சி02எஸ் 3.3 வோல்ட்டிலேயே ஓடும், 8 மெகாஹெர்ட்ஸ் வரை. ஏஎஸ்6சி4008 என்ற 512 கேபி ராம் 2.7-லிருந்து 5.5 வோல்ட் வரை ஓடும், அதுவும் டிப் பொட்டலம். இந்த இரண்டையும் எஃப்பிஜிஏவோடு 3.3 வோல்ட்டில் சேர்த்தால் லெவல் ஷிஃப்டர் ஒன்றுகூட வேண்டாம். எஃப்பிஜிஏ முடிவானால் இசட்80-ஐ விட்டு 6502 பக்கம் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு செலவு நேரம். எஃப்பிஜிஏவுக்கான லாஜிக்கை எழுதும் வெரிலாக் மொழியைக் கற்க மாதங்கள் ஆகும். ஆனால் கற்றது வேலைக்கும் உதவும். டிப்ளமா, இன்ஜினியரிங் படிப்பவருக்கு அந்த மாதங்கள் வீண் இல்லை.

யாருக்கு: வீடியோ வேண்டியவருக்கு, வெரிலாக்கே கற்க வந்தவருக்கு, நிஜ இசட்80 கிடைக்காவிட்டாலும் மெஷின் வேண்டும் என்பவருக்கு.

ஒரே பார்வையில்

| வழி | வோல்ட் | பழைய பஸ்ஸோடு நேராகச் சேருமா | எழுதும் கருவி | மறு எழுத்து | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|---|
| 74 எச்சிடி | 5 | சேரும் | தேவையில்லை | கம்பியை மாற்ற வேண்டும் | முதல் மெஷின் |
| 22வி10 | 5 | சேரும் | ரோம் ப்ரோக்ராமரே போதும் | 100 முறை | முகவரி பிரிப்பு |
| ஏடிஎஃப்1504 | 5 | சேரும் | ஜேடேக், பழைய மென்பொருள் | 10,000 முறை | வங்கி மெமரி |
| ஏடிமெகா32ஏ | 5 | வெயிட் லாட்ச் வேண்டும் | ஆர்டுயினோ சூழல் | பயம் இல்லை | எஸ்டி கார்டு, சீரியல் |
| பிக்கோ | 3.3 | 245 வேண்டும் | யுஎஸ்பி கேபிள் | பயம் இல்லை | வேகமான போர்ட் |
| எஃப்பிஜிஏ | 3.3 | ஐந்து 245 அல்லது 3.3 வோல்ட் 6502 | யுஎஸ்பி, வெரிலாக் | பயம் இல்லை | வீடியோ |

வாங்கும் முன்

இசட்80 இனி வராது என்றதும் சந்தையில் மேல் எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்த சிப்புகள் பெருகிவிட்டன. நான் ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் 'சிமாஸ், 10 மெகாஹெர்ட்ஸ்' என்று வாங்கியவற்றில் மூன்று, பழைய என்மாஸ். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஈடி 71 என்ற, கையேட்டில் இல்லாத கட்டளையைக் கொடுங்கள். என்மாஸ் சிப் போர்ட்டில் பூஜ்யத்தை வைக்கும், சிமாஸ் 255-ஐ வைக்கும். எட்டு எல்இடி போர்ட்டில் இருந்தால் கண்ணாலேயே தெரியும். பணம் திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

வழிகளைக் கலப்பதில் தவறே இல்லை. என் மேசையில் இப்போது ஓடும் இசட்80-ல் முகவரி பிரிப்பது 22வி10, சீரியலும் எஸ்டி கார்டும் ஏடிமெகா. வெயிட் லாட்ச்சையும் அதே 22வி10-க்குள் சமன்பாடாகவே அடக்கிவிட்டேன், க்ளாக் கால் தேவைப்படவில்லை. ஃபெஞ்சல் புயல் போன 2024 நவம்பருக்குப் பிறகு அறை முழுக்க ஈரம் ஊறியிருந்தது. ப்ரெட்போர்டில் இருந்த பழைய மெஷினைக் கழற்றிப் போட்டேன். சால்டர் செய்த இந்தப் போர்டைத் துடைத்துக் காயவைத்து மின்சாரம் கொடுத்ததும் சிபி/எம் எழுந்தது.

லாஸ்பேட்டைத் தம்பியிடம், வாங்கிய 74 ஐசிகளை வைத்தே 8 கேபி ரோமும் 32 கேபி ராமும் கொண்ட மெஷினை முதலில் முடிக்கச் சொன்னேன். அடுத்த செமஸ்டரில் அதே லாஜிக்கை ஒரு 22வி10-க்குள் எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ப்ராஜெக்ட் பார்க்கும் ஆசிரியருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. எஃப்பிஜிஏ அதற்கு அப்புறம்.

மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு 8085, அதன் முகவரியைப் பிடித்து வைக்க ஒரு 74எச்சிடி573, ஒரு 22வி10, ஒரு ராம், ஒரு ஏடிமெகா. ஐந்தே சிப், எல்லாம் பெரிய கால் இடைவெளி உள்ள டிப். 6.144 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டல் போட்டால், உள்ளே பாதியாகி 3.072-ல் ஓடும். 22வி10-க்கான சமன்பாட்டை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி, அதை நான் எழுதறேன். நீ பார்த்துத் திருத்து" என்றார். போன ஞாயிறு ஒரு பழைய டைரித் தாளில் பத்து வரி எழுதிக் கொண்டுவந்தார். ஒன்பது சரி. பத்தாவதில் ஐஓ, மெமரி பிரிக்கும் கம்பி தலைகீழாக இருந்தது. அவரே பார்த்துத் திருத்திவிட்டார்.